தட்டில் இருந்தது, நினைவில் இல்லாதது

உணவுவழி நோய்ப்பரவல் விசாரணை பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



கல்யாண விருந்து முடிந்து ஒரு வாரம் கழித்து ஒருவரைப் பிடித்து, அன்று இலையில் என்னென்ன விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள். சாம்பார், அவியல், வடை, பாயசம் என்று கடகடவென்று ஒப்பிப்பார். பாயசத்தில் முந்திரி குறைவு என்றுகூடச் சொல்வார். ரசத்தின் மேல் கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டிருந்தார்களா என்று கேட்டால் மட்டும் யோசனையில் விழுவார். "போட்டிருப்பார்கள்" என்பார், அல்லது "கவனிக்கவில்லையே" என்பார். தழையை அவர் தின்றிருக்கிறார், ஆனால் அது ஒரு பண்டமாக அவர் மனத்தில் ஏறவில்லை. இந்தச் சின்ன மறதிதான் இன்றைய என் பேச்சின் மையம். 2011-ஆம் ஆண்டு ஜெர்மனியில் 53 பேரைக் காவுகொண்ட ஒரு நோய்ப்பரவலில், கைதேர்ந்த விசாரணைக் குழு ஒன்றை இரண்டு வாரத்துக்கு மேல் அலைக்கழித்தது இதே மறதி. உணவு வழியாகப் பரவும் நோயின் மூலத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வுக்கூடத்தின் வேலை, நுண்ணோக்கியின் வேலை என்று நாம் நினைக்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி பில், சமையல் குறிப்பு, லாட் எண், வருகைப் பட்டியல் போன்ற காகிதங்களில் கிடக்கிறது. நோயுற்றவரோடு நோயுறாதவரையும் உட்காரவைத்துக் கேட்பதில் கிடக்கிறது. மனித நினைவு எங்கே கைவிடுகிறதோ அங்கே கைகொடுக்க, ஒரு சமூகம் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் நினைவுதான் நோய்க் கண்காணிப்பு. இதை அந்த ஜெர்மானிய நிகழ்வை வைத்தே நிறுவ முயல்கிறேன்.

2011 மே 19 அன்று, ஹாம்பர்க் நகரச் சுகாதாரத் துறையிடமிருந்து பெர்லினில் உள்ள ராபர்ட் கோஹ் நிறுவனத்துக்கு ஒரு தகவல் போனது. தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் தேசிய நிறுவனம் அது. மூன்று குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் ஹெச்.யு.எஸ். என்ற நோய்நிலை வந்திருக்கிறது என்பது செய்தி. ஈ.கோலை பாக்டீரியாவில் சில வகைகள் ஷிகா என்ற நச்சை உண்டாக்கும். அந்த நச்சு ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் சிதையும், சிறுநீரகம் செயலிழக்கும். மூன்று பேர் என்பது கேட்பதற்குச் சிறிய எண். வழக்கமாக எத்தனை பேருக்கு வரும் என்று தெரிந்தவருக்குத்தான் அது பெரிய எண். கண்காணிப்பின் முதல் பயன் இங்கேதான் இருக்கிறது: ஒன்றும் நடக்காத வாரங்களிலும் சலிக்காமல் எண்ணி வைத்திருந்தால்தான், ஏதோ நடக்கும் வாரத்தை அடையாளம் காண முடியும். மறுநாளே குழு ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தது. போனபோது அவர்களுக்கு இன்னொரு வியப்பு காத்திருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே பெரும்பாலும் தாக்கும் இந்த நோயோடு, இம்முறை மருத்துவமனைக் கட்டில்களில் படுத்திருந்தவர்கள் பெரியவர்கள். அவர்களிலும் பெண்களே அதிகம். பரவல் ஓய்ந்தபோது எடுத்த கணக்கில் நோயுற்றோர் 3,842 பேர். அவர்களில் 855 பேருக்கு ஹெச்.யு.எஸ்.

பெரியவர்கள், அதிலும் பெண்கள் என்றவுடன் விசாரணை ஒரு திசையில் திரும்பியது. இறைச்சியோ பச்சைப் பாலோ காரணமாக இருந்தால் நோயாளிகளின் வயதும் பாலும் வேறு மாதிரி இருந்திருக்கும். பச்சைக் காய்கறிகளை விரும்பிச் சாப்பிடும் ஒரு கூட்டம் கண்முன் தெரிந்தது. நோயாளிகளிடம் விரிவாகப் பேசினார்கள். பிறகு நோயுற்ற சிலரையும், அதே பகுதியில் வசிக்கும், வயதும் பாலும் ஒத்த, நோயுறாத சிலரையும் எடுத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். பச்சைத் தக்காளி சாப்பிட்டதாக நோயுற்றவர்களில் சுமார் பத்துக்கு ஒன்பது பேர் சொன்னார்கள். நோயுறாதவர்களில் சுமார் பத்துக்கு ஆறு பேர். வெள்ளரிக்காயும் சாலட் கீரையும் இதே போக்கைக் காட்டின. வட ஜெர்மனியில் கிடைக்கும் தக்காளி, வெள்ளரி, சாலட் கீரை ஆகியவற்றைப் பச்சையாக உண்ண வேண்டாம் என்று மே 25 அன்று அறிவுறுத்தல் வந்தது. முறை சரியானது, நோயுறாதவரையும் கேட்டிருக்கிறார்கள், வேறுபாடும் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் விடை தவறு. ஏன் தவறியது என்பதைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும்.

கேள்விப் பட்டியலில் குற்றவாளியின் பெயர் இல்லை. தொடக்கத்தில் விரிவாக விசாரித்த நோயாளிகளில் நாலில் ஒருவர்தான் முளைகட்டிய தானியத்தைக் குறிப்பிட்டிருந்தார். நாலில் மூவர் குறிப்பிடாத ஒன்று எப்படி எல்லோருடைய நோய்க்கும் காரணமாக இருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். அந்த முளைகள் எப்படிப் பரிமாறப்பட்டன என்று பாருங்கள். கிண்ணம் நிறைய யாரும் கொடுக்கவில்லை. தக்காளியும் வெள்ளரியும் அடுக்கிய சாலட்டின் மேல், அழகுக்கு ஒரு சிட்டிகை. நம் ரசத்துக் கொத்தமல்லி மாதிரி. தொற்று உடலுக்குள் போனதற்கும் வயிற்றுப்போக்கு தொடங்குவதற்கும் இடையே சராசரி எட்டு நாள். அதன் பிறகு ரத்தபேதி, மருத்துவமனை, சிலருக்கு டயாலிசிஸ். அந்த நிலையில் படுத்திருப்பவரிடம் போய், பத்துப் பதினைந்து நாளுக்கு முன் தின்ற சாலட்டில் மேலே என்ன தூவியிருந்தது என்று கேட்டால் தக்காளி என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, தக்காளியும் இருந்தது. முளை இருந்த தட்டில் எல்லாம் தக்காளியும் வெள்ளரியும் இருந்ததால், குற்றவாளியோடு நடந்து போனவர்கள் மீது பழி விழுந்தது. நோயுறாதவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். ஆனால் இரு தரப்பாரும் நினைவிலிருந்தே பதில் சொன்னால், ஒப்பீடு அந்த நினைவின் குறையைச் சேர்த்தே அளந்து கொடுக்கும்.

இதற்கிடையே ஆய்வுக்கூடமும் தன் பங்குக்கு ஒரு வழுக்கலை உண்டாக்கியது. மே 26 அன்று, ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிகளில் ஆபத்தான ஈ.கோலை கிடைத்ததாக ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். கேள்விப் பட்டியலும் வெள்ளரியைக் காட்டியது, சோதனைக் குழாயும் வெள்ளரியைக் காட்டியது. இனி என்ன வேண்டும் என்று தோன்றும். ஐந்து நாள் கழித்து, மே 31 அன்று, வெள்ளரியில் இருந்த ஈ.கோலை வேறு, நோயாளிகளிடம் இருந்த ஓ104:ஹெச்4 வகை வேறு என்று தெரிந்தது. அந்த ஐந்து நாளில் ஸ்பெயின் விவசாயிகளின் காய்கறிகள் கேட்பாரற்றுப் போயின. ஜூன் தொடக்கத்தில் ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்தின் காய்கறிகள் அனைத்துக்கும் கதவடைத்தது. விளைவித்தவர்களின் இழப்பை ஈடுகட்ட ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்க வேண்டி வந்தது. தேடினால் எங்காவது ஒரு கிருமி கிடைக்கத்தான் செய்யும். கிடைத்த கிருமிதான் இந்த நோயைத் தந்ததா என்பது தனிக் கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்த அவசரத்தில் இரண்டாவதைக் கேட்காமல் வாய் திறந்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு அந்த வெள்ளரிக்காய்களே சாட்சி.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு உணவகத்தில். மே 12 முதல் 16 வரை அங்கே குழுக்களாகச் சேர்ந்து சாப்பிட்ட சிலருக்கு நோய் வந்திருந்தது. விசாரணைக் குழு இம்முறை கேள்வியை மாற்றியது. "நீங்கள் முளை சாப்பிட்டீர்களா?" என்று யாரையும் கேட்கவில்லை. "நீங்கள் எந்தப் பண்டத்துக்கு ஆர்டர் கொடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். அது எல்லோருக்கும் நினைவிருந்தது. நினைவு தடுமாறிய இடத்தில் ஆர்டர் பட்டியலும் பில்லும் இருந்தன. விருந்தினர்கள் எடுத்துக்கொண்ட புகைப்படங்களும் இருந்தன. பிறகு சமையற்கட்டுக்குப் போய், ஒவ்வொரு பண்டத்திலும் என்னென்ன எவ்வளவு சேர்கிறது, மேலே எதைத் தூவுகிறீர்கள் என்று சமையற்காரரிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டையும் பொருத்தினால், சாப்பிட்டவருக்கே தெரியாமல் அவர் தட்டில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். பத்துக் குழுக்கள், 152 பேர். அவர்களில் நோயுற்றவர்கள் 31 பேர். இந்த 31 பேருக்கும் முளை பரிமாறப்பட்டிருந்தது. முளை இல்லாத பண்டங்களைச் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட நோயுறவில்லை. நினைவை நம்பி நடத்திய இன்னொரு ஒப்பீட்டில் நோயாளிகளில் 25 விழுக்காட்டினரே முளை தின்றதாகச் சொல்லியிருந்தார்கள். காகிதத்தை நம்பிய கணக்கில் அது 100 விழுக்காடு. மருத்துவத்துக்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. சமையற்காரரை மதித்து அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இங்கே நோயுறாத மீதி 121 பேரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக வீடு திரும்பி, ஒன்றும் ஆகாமல் இருந்தவர்கள். செய்தித்தாளுக்கு அவர்கள் வேண்டாம். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் அந்த 31 பேருடைய தட்டுக்கு ஒரு பொருளும் இல்லை. இது இன்று நேற்றுத் தோன்றிய ஞானமல்ல. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, குழாயடித் தண்ணீரைச் சந்தேகித்த மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களைக் குறித்ததோடு நிற்கவில்லை. குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தும் சாகாதவர்களைத் தேடினார். அந்தத் தெருவிலேயே ஒரு பீர் ஆலை, எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பீர் குடித்தார்கள், ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. எதிர்முனையில், தொலைவில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் இருந்த ஒரு விதவை காலராவில் இறந்திருந்தார். பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதைத் தினமும் வரவழைத்துக் குடித்தவர் அவர். பக்கத்தில் இருந்தும் தப்பியவர், தூரத்தில் இருந்தும் சிக்கியவர், இந்த இருவர்தான் விசாரணையின் நடுவர்கள்.

முளை என்று தெரிந்த பிறகு நடந்தது முழுக்க முழுக்கக் கணக்கு ஏட்டு வேலை. உணவகத்துக்கு முளை கொடுத்த விநியோகஸ்தர் யார், அவருக்குக் கொடுத்தவர் யார் என்று ரசீது ரசீதாகப் பின்னோக்கிப் போனதில் லோயர் சாக்சனி மாநிலத்தின் ஒரு முளைப் பண்ணையில் போய் நின்றது தடம். அதே பண்ணையிலிருந்து முன்னோக்கி வந்து பார்த்தார்கள். கும்பலாக நோய் வந்த இடங்களில், சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவை 41. நாற்பத்தொன்றும் அந்தப் பண்ணைக்கே போய்ச் சேர்ந்தன. ஜூன் 10 அன்று தக்காளி, வெள்ளரி, கீரை மீதான எச்சரிக்கையை விலக்கி, முளைகளை உண்ண வேண்டாம் என்று அறிவித்தார்கள். இரண்டு வாரத்தில் பிரான்சிலிருந்து ஒரு செய்தி. போர்தோ நகருக்கு அருகே, குழந்தைகள் மையம் ஒன்றில் ஜூன் 8 அன்று நடந்த திறந்தநாள் நிகழ்ச்சிக்குப் போனவர்களுக்கு அதே ஓ104:ஹெச்4. அவர்கள் ஜெர்மன் பண்ணையின் முளையைச் சாப்பிடவில்லை. தோட்டப் பொருள் கடையில் விதைப் பொட்டலம் வாங்கித் தாங்களே முளைக்க வைத்திருந்தார்கள். மூன்று வகை: வெந்தயம், கடுகு, ராக்கெட் கீரை. கடுகும் ராக்கெட்டும் பஞ்சின் மேல் வளர்ந்தபடியே தட்டைச் சுற்றி அலங்காரமாக நின்றன, தின்றவர் குறைவு. வெந்தய முளை மட்டும் ஆறிய சூப்பின் மேல் தூவப்பட்டு வயிற்றுக்குள் போயிருந்தது.

ஆக, நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயம். ஜெர்மன் பண்ணையும் பிரெஞ்சுக் கடையும் வாங்கிய வெந்தயத்தின் ஏடுகளை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒப்பிட்டுப் பார்த்தது. இரு தடங்களும் சேர்ந்த இடம், 2009-இன் இறுதியில் எகிப்திலிருந்து கப்பலேறி ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கிய 15,000 கிலோ எடையுள்ள ஒரே தொகுதி. ஜெர்மன் பண்ணைக்கு அதில் போனது வெறும் 75 கிலோ. தாளிப்பில் பொரியும் வெந்தயத்தில் இந்தக் கிருமி பிழைக்காது. ஊறவைத்து, ஈரமும் இளஞ்சூடுமாக நாள்கணக்கில் முளைக்கவிடும்போது, விதையில் ஒட்டியிருந்த ஒரு சில பாக்டீரியாக்களுக்கு அதைவிட வசதியான வீடு இல்லை. பல்கிப் பெருகிய பிறகு அதை வேகவைக்காமல் தின்றால் என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கோடைகாலத்தின் கதை. கப்பல் சரக்குக்கு லாட் எண் போட்டு, கை மாறும்போதெல்லாம் ஒருவர் அதை ஏட்டில் குறித்துவந்ததால், நோயுற்ற குடலிலிருந்து ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய ஒரு கப்பல் வரைக்கும் நடக்க முடிந்தது.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். முதல் கேள்வி வலுவானது: அந்த வெந்தய விதையில் கிருமி கிடைத்ததா? கிடைக்கவில்லை. எத்தனையோ மாதிரிகளைச் சோதித்தும் விதையில் ஓ104:ஹெச்4 பிடிபடவே இல்லை. கிருமி இல்லாமல் தீர்ப்பு எழுதலாமா என்று எகிப்தியத் தரப்பு அன்று கேட்டது. கேட்டதில் தவறு இல்லை. என் விடை இது. பல டன் விதையில் ஒரு மூலையில், சீராகப் பரவாமல், மிகக் குறைவாக இருக்கும் கிருமியைக் கைப்பிடி மாதிரிகளில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது. கிடைக்காததை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. மறுபுறம், சாட்சிகளைப் பாருங்கள்: ஒரு உணவகத்தின் 31 பேர், 41 கும்பல்களின் சரக்குத் தடம், எல்லைக்கு அப்பால் வேறு கடை, வேறு சமையல், அதே கிருமி, அதே தொகுதி விதை. ஒன்றையொன்று அறியாத சாட்சிகள் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். அதேசமயம் வெள்ளரியில் கிருமி கையிலேயே கிடைத்தது, அது நிரபராதி. கிருமி கிடைப்பதே சாட்சி, கிடைக்காததே விடுதலை என்ற விதி இரண்டு முனைகளிலும் அந்த ஆண்டு பொய்த்துப்போனது.

இரண்டாவது கேள்வி இந்தக் காலத்துக்கு உரியது. மரபணுவை முழுக்கப் படித்துவிடும் தொழில்நுட்பம் வந்துவிட்ட பிறகு, கட்டிலருகே உட்கார்ந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் பழைய முறை எதற்கு? 2011-இலேயே அந்தத் தொழில்நுட்பம் இருந்தது. ஜூன் தொடக்கத்தில், முளை என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே, அந்த பாக்டீரியாவின் மரபணு வரிசை இணையத்தில் வெளியாகி, உலகெங்கும் விஞ்ஞானிகள் அதை அலசினார்கள். குடல் சுவரில் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை ஈ.கோலை, ஷிகா நச்சின் மரபணுவையும் பெற்று உருவான கலப்பு இது, பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காதது என்றெல்லாம் அது சொன்னது. எந்தத் தட்டில் இருந்தது என்று சொல்லவில்லை. அது மரபணுவில் எழுதப்படுவதில்லை. அமெரிக்காவில் 1996 முதல் இயங்கிவரும் பல்ஸ்நெட் என்ற ஆய்வுக்கூட வலைப்பின்னலின் பெருமை, வெவ்வேறு மாநிலங்களில் தனித்தனியாகக் கிடக்கும் நோயாளிகள் ஒரே கிருமியால் பாதிக்கப்பட்டவர்கள் என்று கோத்துக் காட்டுவது. யாரைச் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அது சொல்லும். என்ன கேட்க வேண்டும் என்பது நம் பொறுப்பு. 2008-இல் அதே அமெரிக்காவில் 1,400 பேருக்கு மேல் சால்மொனெல்லா தொற்று வந்தபோது, ஜூன் மாதம் தக்காளி பற்றி எச்சரித்தார்கள். உணவகங்களில் கும்பலாக நோயுற்றவர்களை எடுத்து, சல்சா போன்ற பண்டங்களின் சேர்மானத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் பச்சை மிளகாய் மீது சந்தேகம் திரும்பியது. ஜூலையில் ஹலபென்யோ மிளகாயில் அந்தக் கிருமி பிடிபட்டது. அங்கேயும் எல்லோருக்கும் நினைவிருந்தது தக்காளி. மரபணு எவ்வளவு துல்லியமானாலும், சட்னியில் என்ன அரைத்தார்கள் என்று அம்மியைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி அறம் சார்ந்தது. உறுதியாகத் தெரியாமல் எச்சரித்து விவசாயியின் வயிற்றில் அடிக்கலாமா? உறுதியாகும்வரை காத்திருந்து மக்களைச் சாகவிடலாமா? ஜப்பானின் சகாய் நகரில் 1996 ஜூலையில் பள்ளி மதிய உணவால் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஓ157 ஈ.கோலை தொற்றியது. முள்ளங்கி முளை மீது சந்தேகம் என்று அரசு அறிவித்ததும் அதன் விற்பனை படுத்துவிட்டது. பிறகு சுகாதார அமைச்சர் நவோத்தோ கான், மக்களின் அச்சம் போக்கக் கேமராக்களின் முன் அந்த முளையை அள்ளித் தின்ன வேண்டியதாயிற்று. இதிலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வது தவறு. மே 25 அன்று ஜெர்மனி தந்த அறிவுரையை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று கையில் இருந்த கணக்கு அதைத்தான் சொன்னது. முளை பெரும்பாலும் சாலட்டோடு போனதால், சாலட்டைத் தவிர்த்தவர்களில் சிலர் முளையிலிருந்தும் தப்பியிருப்பார்கள். குற்றம் மறுநாள் நடந்தது. ஒரு பொருளைத் தவிர்க்கச் சொல்வதற்கும் ஒரு நாட்டின் பெயரைச் சொல்வதற்கும் தேவைப்படும் சாட்சியம் ஒன்றல்ல. எச்சரிக்கைக்குக் குறைந்த சாட்சியம் போதும், ஏனெனில் அதைத் திரும்பப் பெறலாம். குற்றச்சாட்டுக்கு நிறைந்த சாட்சியம் வேண்டும், ஏனெனில் அழுகிய வெள்ளரியைத் திரும்பக் கொடியில் கட்ட முடியாது.

நான்காவது கேள்வி சங்கடமானது, ஆனால் நேர்மையானது. நோயின் உச்சம் மே 22-ஐ ஒட்டி வந்துவிட்டது. முளை என்று அறிவித்தது ஜூன் 10. தீ அணையத் தொடங்கிய பிறகு வந்த தீயணைப்பு வண்டியால் என்ன பயன்? இந்தக் குறையை நான் ஒப்புக்கொள்கிறேன். மருத்துவரிடமிருந்து உள்ளூர்ச் சுகாதார அலுவலகம், அங்கிருந்து மாநிலம், அங்கிருந்து தேசிய நிறுவனம் என்று படிப்படியாகத் தகவல் ஏற அன்றைய ஜெர்மன் சட்டம் நாள்கணக்கில் இடம் கொடுத்திருந்தது. அந்தக் காலக்கெடுவைச் சுருக்கி 2013-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவே கண்காணிப்பு வேண்டாம் என்பதற்கு அல்ல, இன்னும் விரைவாக வேண்டும் என்பதற்கே சான்று. தவிர, மூலம் தெரியாமலே பரவல் ஓய்ந்திருந்தால் மிச்ச வெந்தயம் கடைகளிலும் கிடங்குகளிலும் இருந்திருக்கும். போர்தோவில் நடந்தது எச்சரிக்கை மணி: ஜெர்மனியில் அடங்கிய நெருப்பு, ஒரு விதைப் பொட்டலத்தில் எல்லை தாண்டிப் புகைந்தது. தொகுதியின் எண் தெரிந்ததால்தான் அந்த விதைகளைத் திரும்பப் பெற்று அழிக்க முடிந்தது. ஜூலை 26 அன்று பரவல் முடிந்தது என்று நம்பிக்கையோடு அறிவிக்கவும் முடிந்தது.

கடைசிக் கேள்வி நம் நாட்டுக்கு உரியது. இதெல்லாம் பணக்கார நாடுகளுக்கு. டைபாய்டும் காலராவும் தண்ணீரிலேயே வரும் ஊரில் சாலட் முளையைத் துரத்துவது ஆடம்பரம் என்று சிலர் சொல்வார்கள். உணவு வழி நோய்களால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுற்று 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 1,25,000 பேர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது. சுமையின் பெரும்பங்கு ஏழை நாடுகளின் மேல்தான். நம்மிடம் கட்டமைப்பு இல்லாமலும் இல்லை. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் கிராமச் சுகாதாரப் பணியாளர், மருத்துவர், ஆய்வுக்கூடம் என மூன்று அடுக்குகளிலிருந்து தனித்தனிப் படிவங்களில் வாரந்தோறும் எண்ணிக்கை போய்க்கொண்டிருந்தது. 2021 முதல் அது உடனுக்குடன் பதியும் கணினித் தளத்துக்கு மாறியிருக்கிறது. களத்தில் இறங்கி விசாரிக்கும் தொற்றுநோயியலாளர்களைச் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் பயிற்றுவித்து வருகிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், உணவு நச்சு பற்றி மருத்துவர்கள் தகவல் தரும்படி அறிவிக்கை செய்ய இடம் இருக்கிறது. செலவு பிடிக்கும் பகுதி நம்மிடம் ஓரளவு இருக்கிறது. குறைவது பழக்கம். விருந்துச் சாப்பாட்டால் வாந்தி பேதி என்ற செய்தி வந்ததும், மிச்சச் சாம்பாரைச் சோதனைக்கு அனுப்புகிறோம், சமையற்கட்டைப் பூட்டி சீல் வைக்கிறோம். சாப்பிட்டும் நலமாக இருப்பவரைத் தேடிப் போவதை ஒரு வேலையாகவே நாம் நினைப்பதில்லை.

அந்த ஜெர்மன் உணவகத்தில் பயன்பட்ட கருவிகள் என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள்: முன்பதிவுப் பட்டியல், பில், சமையற்காரர், புகைப்படம். நம் கல்யாண மண்டபத்தில் இவை எல்லாமே உண்டு. சமையல் மாஸ்டர் எழுதிக் கொடுத்த சாமான் லிஸ்ட் இருக்கிறது. மளிகைக் கடை பில் இருக்கிறது. பந்தியைச் சுற்றிச் சுற்றி எடுத்த வீடியோ இருக்கிறது. வந்தவர் பெயரும் ஊரும் வரிசையாக எழுதிய மொய் நோட்டு இருக்கிறது. உலகின் எந்தத் தொற்றுநோயியலாளரும் பொறாமைப்படக்கூடிய ஆவணம் அந்த மொய் நோட்டு. நோயுற்றவர் மருத்துவமனைக்குத் தானாக வந்துவிடுவார். நோயுறாதவரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கும் கடினம். அவர் பெயரை, ஊரை, சில சமயம் அப்பா பெயரையும் சேர்த்து நாம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறோம். வேறு காரணத்துக்காக எழுதினோம், அதனால் என்ன?

ஆகவே, அடுத்த முறை அப்படியொரு மண்டபத்துக்குச் சுகாதார ஆய்வாளர் போகும்போது, சட்டியில் மிச்சம் இருப்பதைப் புட்டியில் அடைத்துக்கொள்ளட்டும். அதோடு திரும்பிவிட வேண்டாம். சாமான் லிஸ்ட்டைப் படியெடுத்துக்கொண்டு, மாஸ்டரை உட்காரவைத்து, எதை எப்போது அரைத்தீர்கள், எதை வேகவைக்காமல் மேலே போட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்கட்டும். பிறகு மொய் நோட்டைப் புரட்டி, ஒன்றும் ஆகாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரின் வீட்டைத் தேடிப் போய், "அன்றைக்கு நீங்கள் இலையில் எதை வேண்டாம் என்று சொன்னீர்கள்?" என்று கேட்கட்டும்.